வாள் தொங்கிய பக்கம்

வேர்ஹாவன் ஓர் ஆற்றங்கரை நகரம். எந்த நாட்டில் என்று தேட வேண்டாம். கோமகன்கள் குதிரை மேல் ஊர்வலம் வந்த காலத்து ஐரோப்பாவில் எங்கோ இருந்தது.

புதிதாகப் பட்டமேற்ற கோமகன் தன் ஆட்சிக்குட்பட்ட ஒவ்வொரு நகரத்துக்கும் ஒருமுறை ஊர்வலமாக வர வேண்டும் என்பது அங்கே வழக்கம். வந்தவுடன் நகர வாயிலின் சாவியைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். அவர் சந்தைத் திடலில் மேடை ஏறி, இந்த நகரத்தின் உரிமைகளைக் காப்பேன் என்று வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்ய வேண்டும். சத்தியம் முதலில், சாவி பிறகு. இடது கையால் செய்த சத்தியம் செல்லாது. இது அந்த நாட்டில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

அந்த ஒரு நாளுக்காக நகரம் ஆறு மாதம் அமளிதுமளிப்படும். மரச்சட்டத்தில் சாக்கைக் கட்டி, சுண்ணாம்பு பூசி, பளிங்கு போலத் தெரியும் வளைவுகள் எழுப்புவார்கள். மழை பெய்தால் பளிங்கு ஒழுகும். வளைவுகளின் மேல் ஊர்ப் பெண்கள் நீதியாகவும் கருணையாகவும் வேடம் போட்டு அசையாமல் நிற்பார்கள். இந்த முறை நீதிக்குச் சளி பிடித்திருந்தது. கோமகன் கீழே கடந்து போகும்போது அது இரண்டு தடவை தும்மியது.

எல்லாம் முடிந்ததும் நகரசபை ஒரு படப் புத்தகம் அச்சிட்டு மற்ற ஊர்களுக்கெல்லாம் அனுப்பும். நம் ஊர் வளைவைப் பார்த்து அவர்கள் வயிறெரிய வேண்டும் என்பது ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு. கோமகன்கள் மறதிக்காரர்கள். சபையின் முத்திரையோடு வரும் அந்தப் புத்தகம்தான் சத்தியத்துக்குச் சாட்சி.

அந்தப் படங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கும் பட்டறை லாம்பெர்ட்டுடையது. அவருக்கு வயது முப்பத்தைந்து. மனைவி இல்லை, மக்கள் இல்லை. கேட்டால், தகடு கோபித்துக்கொள்ளும் என்பார்.

அவருடைய சீடர் அகாத்தாவுக்கு நாற்பத்தாறு வயது. பதினொரு வருடங்களுக்கு முன்னால் அச்சான படங்களுக்கு வண்ணம் தீட்ட வந்தவள், மெல்ல மெல்ல உளியைப் பிடித்துக்கொண்டாள். தன்னைவிட இளையவரைக் குருவே என்று கூப்பிட முதல் வாரம் அவளுக்கு நா எழவில்லை. அவருக்கும் அதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. பதிலுக்கு அவர் அவளை அம்மா என்றார். கணக்கு நேராகிவிட்டது.

அவர் அவளுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் ஒரு குருவியைப் பற்றியது. துறைமுகப் படம் ஒன்றில் வானம் வெறுமையாக இருக்கிறதே என்று அவள் ஒரு குருவியைச் செதுக்கிவிட்டாள்.

"இந்தக் குருவியைப் பார்த்தீர்களா, அம்மா?"

"இல்லை குருவே. வானம் காலியாக இருந்தது."

"காலியாக இருந்தால் காலியாகச் செதுக்குங்கள். காணாத கோடு ஒன்றுகூட வேண்டாம்."

அந்தக் குருவியைச் சுரண்டித் தேய்த்து எடுக்க அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

இரண்டாவது பாடம் கண்ணாடி. தகட்டில் செதுக்கியது காகிதத்தில் இடவலம் மாறி விழும். ஆகவே வரைந்த ஓவியத்தை ஒரு கண்ணாடிக்கு முன்னால் நிறுத்துவார்கள். கண்ணாடியில் தெரிகிற மாறிய உருவத்தைப் பார்த்துத் தகட்டில் செதுக்குவார்கள். அச்சில் அது இன்னொரு தடவை மாறி நேராகிவிடும். புதிதாக வருபவர்கள் முதல் வாரத்தில் கண்ணாடியை மறந்துவிட்டு ஓவியத்தைப் பார்த்தே செதுக்குவார்கள். வலக்கைக்காரர்கள் எல்லாரும் இடக்கைக்காரர்களாகி வெளியே வருவார்கள். பட்டறையே சிரிக்கும்.

இந்த முறை நகரத்துக்கு அந்தச் சத்தியம் உயிர்ப் பிரச்சினை.

முந்தைய கோமகன் ஆற்றுக்கு அப்பால் ஒரு போர் நடத்தினார். எதற்கு என்று இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. வேர்ஹாவனிலிருந்து நானூறு பேரை இழுத்துக்கொண்டு போனார்கள். முப்பது பேர் திரும்பினார்கள். அகாத்தாவின் கணவர் அந்த முப்பதில் இல்லை. அவர் விட்டுப்போன படகை இப்போது மகன் யோரிஸ் ஓட்டுகிறான். அவனுக்கு இருபது வயது. அப்பாவைப் போலவே தோள், அப்பாவைப் போலவே சத்தமான சிரிப்பு. அவன் சிரிக்கும்போதெல்லாம் அகாத்தா கையில் இருப்பதை விட்டுவிட்டு அவனையே பார்ப்பாள்.

புதிய கோமகன் செய்ய வேண்டிய சத்தியத்தில் நகரசபை ஒரு வரியைச் சேர்த்திருந்தது. இந்த ஊர் ஆண்மகன் எவனையும் ஆற்றுக்கு அப்பால் போருக்குக் கொண்டுபோக மாட்டேன். அந்த வரிக்காக நகரமே காத்திருந்தது.

ஊர்வலத்தன்று லாம்பெர்ட் வளைவுகளை வரையப் போனார். மேடையை அகாத்தாவிடம் ஒப்படைத்தார்.

"தொப்பியை யார் வேண்டுமானாலும் வரைந்துவிடுவார்கள். நீங்கள் கைகளைப் பாருங்கள்" என்றார். "தகட்டையும் நீங்களே செதுக்குங்கள். கீழே உங்கள் பெயர் விழட்டும்."

பதினொரு வருடத்தில் அவள் பெயர் எந்தத் தகட்டிலும் விழுந்ததில்லை. அன்று அவள் மேடைக்கு எதிரே காகிதத்தோடு உட்கார்ந்தபோது, கல்யாணத்துக்கு வந்தவள் போலத் தலைத்துணியை இரண்டு தடவை சரிசெய்துகொண்டாள்.

அன்று மாலை அவள் பட்டறைக்குத் திரும்பியபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"குருவே, அவர் இடது கையைத் தூக்கினார்."

"யார்?"

"கோமகன். ஆற்றுக்கு அப்பால் என்ற வரியைப் படிக்கும்போது."

"ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு இருந்ததே?"

"ஊர் குதிரையைப் பார்த்துக்கொண்டு இருந்தது. சரியாக அந்த நேரத்தில் அவருடைய வெள்ளைக் குதிரை சிவப்புக் கம்பளத்தில் சாணம் போட்டது. எல்லாரும் அங்கே திரும்பிச் சிரித்தார்கள். அவர் தூக்கிய கையை இறக்கியும் விட்டார். நான் கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டு இருந்தேன்."

லாம்பெர்ட் ஓவியத்தை வாங்கிப் பார்த்தார். மடிப்பு மடிப்பாக ஒரு திரை. அதற்கு முன்னால் கோமகன், தனியாக. உயர்த்திய கை. இடுப்பில் வாள்.

"நீங்கள் நாள் முழுக்கக் கண்ணாடி பார்க்கிறவர். கண் மாற்றிக் காட்டியிருந்தால்?"

"வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். வாளைப் பாருங்கள், குருவே."

அவர் பார்த்தார். வலது கையால் உருவ வேண்டும் என்பதால் வாளை எல்லாரும் இடப்பக்கம்தான் கட்டுவார்கள். கண் இடவலத்தை மாற்றிக் காட்டியிருந்தால் வாளையும் சேர்த்துத்தான் மாற்றியிருக்கும். இங்கே வாள் தொங்கும் பக்கத்துக் கையே உயர்ந்திருந்தது. கண்ணாடியில் பார்த்தாலும், கவிழ்த்துப் பார்த்தாலும், அது மட்டும் மாறாது.

லாம்பெர்ட் ஓவியத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள்" என்றார்.

மறுநாள் காலையில் அகாத்தா நகரசபைக்குப் போனாள். சபையின் தலைவர் வில்லம் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து உங்களுக்கு இடம் எது வலம் எது என்றே மறந்துபோயிற்று, அம்மா. வீட்டுக்குப் போகிற வழியாவது தெரியுமா, யாரையாவது துணைக்கு அனுப்பட்டுமா?"

கெட்ட மனிதர் அல்ல. நிம்மதியாக இருக்க விரும்பிய மனிதர். அன்றைய விருந்தில் இதையே வேடிக்கையாக நாலு பேரிடம் சொன்னார். நாலாவதாகக் கேட்டவர் கோமகனின் செயலர்.

அடுத்த நாள் செயலர் பட்டறைக்கே வந்துவிட்டார். மென்மையான குரல், சுத்தமான நகங்கள். அகாத்தாவின் ஓவியத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இந்த ஊரில் கண்ணைத் திறந்து பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான், அம்மணி" என்றார்.

தன்னை நம்பும் ஒருவர் கிடைத்ததில் அகாத்தாவுக்கு ஒரு நிமிடம் மனம் குளிர்ந்தது.

"கண்டதை மட்டும் செதுக்கும் பட்டறை என்று கேள்விப்பட்டேன். அப்படியே செய்யுங்கள். கை, வாள், எல்லாம் உள்ளது உள்ளபடி. கோமகன் உண்மையை விரும்புகிறவர்."

குளிர்ந்த மனம் அப்படியே உறைந்தது. நகரத்தின் சொந்தப் புத்தகத்தில், நகரத்தின் முத்திரைக்குக் கீழே, இடது கை. நாளைக்குப் படைக்கு ஆள் எடுக்க வருகிறவன் இதைத்தான் விரித்துக் காட்டுவான். நாங்கள் சத்தியமே செய்யவில்லையே, உங்கள் படமே சொல்கிறதே என்பான்.

"அச்சுக்குப் போகுமுன் தகட்டை நானே வந்து பார்ப்பேன்" என்றார் செயலர். "உங்களுக்குச் சிரமம் என்றால் சொல்லுங்கள். தலைநகரத்தில் நிறையச் செதுக்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எதையும் செதுக்குவார்கள்."

அவர் போன பிறகு அகாத்தா ஒரு வெறும் தகட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"குருவே."

"சொல்லுங்கள்."

"நான் வலது கையைச் செதுக்கினால் அது பொய். நீங்கள் என்னை ஒரு குருவிகூடப் போட விட்டதில்லை."

"ஆமாம்."

"இடது கையைச் செதுக்கினால் அது உண்மை. அந்த உண்மை வந்து என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடும்."

"ஆமாம்."

"கண்டதைச் செதுக்கு என்றீர்களே. கண்டது கொல்லுமானால் என்ன செய்வது?"

லாம்பெர்ட் எழுந்தார். அவளுடைய மேசைக்கு எதிரே நின்ற கண்ணாடியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். அதன் சட்டத்தில் இருந்த தூசியைச் சட்டைக் கையால் துடைத்தார். பிறகு சாப்பிடப் போய்விட்டார்.

அகாத்தா கண்ணாடியின் முதுகைப் பார்த்தாள். மரப்பலகை, நாலு ஆணி. இதில் என்ன இருக்கிறது? குருமார்களின் பதில்கள் மேல் அவளுக்கு அன்று நல்ல கோபம் வந்தது. பிள்ளை உயிர் ஊசலாடும்போது மனிதர் தூசி துடைக்கிறார்.

கோபத்தோடு ஓவியத்தை நேராகத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் தகடு. கண்ணாடி இல்லாமல், ஓவியத்தைப் பார்த்து, அப்படியே, இடது கையை இடது கையாக...

அவள் கையிலிருந்த உளி நின்றது.

லாம்பெர்ட் திரும்பி வந்தபோது அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் கலங்கியிருந்தன.

"குருவே, இது புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்தில் செய்யும் தப்பு."

"நானும் செய்திருக்கிறேன். அப்பா உளிப் பிடியால் மண்டையில் ஒன்று போட்டார்."

"இதில் நான் காணாத கோடு ஒன்றுகூட இருக்காது."

"இருக்கக் கூடாது" என்றார் லாம்பெர்ட். "வாளையும் விட்டுவிடாதீர்கள். பார்த்தபடி, பார்த்த பக்கத்தில்."

ஐந்து வாரம் அவள் அந்தத் தகட்டில் குனிந்திருந்தாள். அவள் கை அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு நன்றாகச் செதுக்கியதில்லை என்று பட்டறையில் சொல்வார்கள். திரையின் மடிப்பைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும். கோமகனின் உதட்டோரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. அதையும் அவள் விடவில்லை. கண்டதாயிற்றே.

சொன்னபடி செயலர் வந்தார். தகட்டை வெளிச்சத்தில் பிடித்தார். உருப்பெருக்கும் கண்ணாடியை வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். குழப்பம் வந்துவிடக் கூடாது என்று தகட்டில் இருந்தவரைப் போலவே தானும் நின்று ஒரு கையைத் தூக்கிப் பார்த்தார். எந்தக் கையைத் தூக்கினோம் என்று அதையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"இடது கை. வாள் இடப்பக்கம். உள்ளது உள்ளபடி" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "கீழே எழுத்துகளைக் காணோமே?"

"எழுத்து வேலை கடைசியில்தான்" என்றார் லாம்பெர்ட். "அது எப்போதும் என் வேலை."

"இந்த அம்மணியின் பெயர் அழகாக விழட்டும்."

அந்த மனிதர் வாழ்நாளில் ஆயிரம் படங்கள் பார்த்திருப்பார். செப்புத் தகட்டை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார். அதை அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

செயலர் கோமகனோடு அடுத்த நகரத்து ஊர்வலத்துக்குக் கிளம்பினார். பட்டறையில் அச்சு உருளை சுழன்றது. முதல் பிரதியை லாம்பெர்ட் இரண்டு விரலால் தூக்கி ஈரத்தோடு அகாத்தாவிடம் நீட்டினார்.

காகிதத்தில் கோமகன் வலது கையை உயர்த்தி நின்றார். வாள் அவருடைய வலது இடுப்பில் தொங்கியது.

அகாத்தா படத்தைப் பார்த்தாள். பிறகு படத்தின் கீழே பார்த்தாள். செதுக்கியவர் லாம்பெர்ட், வேர்ஹாவன் என்று இருந்தது.

"என் பெயர்?"

"எழுத்து வேலை என்னுடையது" என்றார் லாம்பெர்ட். அடுத்த காகிதத்தை உருளைக்குக் கொடுத்தார்.

அன்று அவள் வீட்டுக்குப் போய் அழுதாள். மகனைக் காப்பாற்றப்போகும் படம்தான். ஆனாலும் பதினொரு வருடம். கேட்டிருந்தால் தானே விட்டுக் கொடுத்திருப்பாள். கேட்காமல் எடுத்துக்கொண்டார் என்பதுதான் அவளுக்கு வலித்தது. மறுநாளும் வேலைக்கு வந்தாள். குருவே என்று கூப்பிட்டாள். ஆனால் அந்தச் சொல்லில் முன்பு இருந்த ஏதோ ஒன்று இல்லை.

புத்தகம் பதினான்கு ஊர்களுக்குப் படகேறியது. பதினான்கு ஊர்களிலும் செதுக்குத் தொழில் தெரிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேர்ஹாவன் லாம்பெர்ட் கண்ணாடியை மறந்துவிட்டார்! கோமகனுக்கு வலப்பக்கம் வாள் கட்டிவிட்டார்! அவசரத்துக்கு எப்படி உருவுவாராம்?

இரண்டு மாதம் கழித்துச் செயலரிடமிருந்து கடிதம் வந்தது. படம் இடவலம் மாறியிருக்கிறது, உடனே திருத்தவும் என்று இருந்தது. வில்லம் கடிதத்தோடு பட்டறைக்கு ஓடி வந்தார்.

"திருத்தலாம்" என்றார் லாம்பெர்ட். "பதினான்கு ஊர்களுக்கும் எழுதிப் புத்தகத்தைத் திருப்பி வாங்க வேண்டும். எதற்கு என்று கேட்பார்கள். கோமகன் உண்மையில் தூக்கியது இடது கை என்று சபையும் கோமகனும் சேர்ந்து எழுத வேண்டும்."

வில்லம் கடிதத்தைப் பார்த்தார். லாம்பெர்ட்டைப் பார்த்தார். கடைசியில், மெதுவாக, அகாத்தாவைப் பார்த்தார். அவருடைய பெரிய முகம் வெளிறிப்போனது.

"நீங்கள் வந்து சொன்னீர்களே, அம்மா" என்றார். "நான் சிரித்தேன்."

திருத்தும்படி மறுபடி கடிதம் வரவில்லை. வேறொன்று வந்தது. இனி அரண்மனை வேலையோ சபை வேலையோ எதையும் லாம்பெர்ட் பட்டறைக்குக் கொடுக்கக் கூடாது. தொழில் தெரியாதவர் என்பது காரணம். லாம்பெர்ட் சீட்டுக்கட்டுக்கு ராஜாக்களைச் செதுக்க ஆரம்பித்தார். இந்த ராஜாக்கள் எங்கே சொன்னாலும் அங்கே நிற்கிறார்கள் என்றார்.

இரண்டு வருடம் போயிற்று. ஒரு வசந்த காலத்துக் காலையில் கோமகனின் தளபதி முப்பது குதிரைகளோடு வந்து இறங்கினார். ஆற்றுக்கு அப்பால் போர். இருநூறு பேர் வேண்டும்.

சபை மண்டபத்தில் வில்லம் புத்தகத்தைத் திறந்து மேசைமேல் வைத்தார். கதவுகளை அகலத் திறந்து வைக்கச் சொல்லியிருந்தார். வாசலில் தாய்மார்கள் நின்றார்கள். அகாத்தா முன்வரிசையில் நின்றாள்.

தளபதி படத்தைப் பார்த்தார். முட்டாள் அல்ல.

"இது இடவலம் மாறிய படம். வாளைப் பாருங்கள்."

"வாள் மாறித்தான் இருக்கிறது. நாடே சிரித்துவிட்டது" என்றார் வில்லம்.

"வாள் மாறியிருந்தால் கையும்..." தளபதி நிறுத்தினார்.

"சொல்லுங்கள்" என்றார் வில்லம். எழுத்தரைப் பார்த்துக் கையசைத்தார். "எழுதிக்கொள்ளுங்கள். ஆற்றங்கரை நகரங்கள் எல்லாவற்றுக்கும் பிரதி போக வேண்டும். கோமகன் மக்கள் முன்னால் இடது கையால் சத்தியம் செய்து ஏமாற்றினார் என்று கோமகனின் தளபதியே சொன்னார். தளபதி அவர்களே, முழுப் பெயர்?"

எழுத்தரின் இறகுப்பேனா காகிதத்தின் மேல் காத்திருந்தது.

தளபதி பேனாவைப் பார்த்தார். பிறகு படத்தின் கீழே விரல் வைத்தார்.

"இந்த லாம்பெர்ட் யார்?"

"எங்கள் ஊர்ச் செதுக்குபவர்."

"அவருக்கு மகன் உண்டா? படைக்கு ஏற்ற வயதில்?"

"இல்லை."

"தம்பி? தங்கை பிள்ளை?"

"யாரும் இல்லை. தனிக்கட்டை."

தளபதி இன்னும் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தாயோ தகப்பனோ செய்த தந்திரம் என்றால் பிடித்துக் கொண்டுபோய்க் கோமகன் முன்னால் நிறுத்தியிருப்பார். சத்தியமும் அதோடு கிழிந்திருக்கும். யாருமில்லாத ஓர் அசடு செய்த தப்பை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? புத்தகத்தை மூடினார்.

குதிரைகள் வந்த வழியே போயின. வாசலில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு சத்தமாக அழுதார்கள். அகாத்தா அழவில்லை. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பட்டறைக்கு நடந்தாள். பாதி வழியில் நடை ஓட்டமாயிற்று.

லாம்பெர்ட் தனியாக உட்கார்ந்து ஒரு ராஜாவுக்குத் தாடி செதுக்கிக்கொண்டிருந்தார்.

"போய்விட்டார்கள், குருவே. ஒருவரைக்கூடக் கொண்டுபோகவில்லை."

"யோரிஸ்?"

"படகில் இருக்கிறான். பாட்டுப் பாடிக்கொண்டு. கேட்கச் சகிக்கவில்லை."

லாம்பெர்ட் சிரித்தார். தாடியில் இன்னொரு கோடு போட்டார்.

அகாத்தா உட்காரவில்லை. மூச்சு வாங்க அவர் முன்னால் நின்றாள்.

"தளபதி உங்கள் பெயர்மேல் விரலை வைத்து ஒரு கேள்வி கேட்டார்."

"கேட்பார்கள்."

"இரண்டு வருடம் உங்கள்மேல் மனத்தாங்கலோடு இருந்தேன். என் பெயரை எடுத்துக்கொண்டீர்கள் என்று. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?"

அகாத்தா யோசித்தாள். அவளுக்குப் பொய் வராது.

"விட்டிருக்க மாட்டேன். உங்கள் தொழில் போகும், ஊர் சிரிக்கும், என் பிள்ளைக்காக நீங்கள் ஏன் என்று சண்டை போட்டிருப்பேன். பெயரையும் நானே செதுக்கியிருப்பேன்."

"அதனால்தான்."

"ஒரே ஒரு பெயர்தானே, குருவே. அதில் என்ன இருக்கிறது, உங்கள் பெயருக்கும் என் பெயருக்கும்?"

லாம்பெர்ட் உளியைக் கீழே வைத்தார். தகட்டில் சுருண்டு கிடந்த செப்புத் துகளை ஊதினார்.

"உங்கள் பெயருக்குப் பின்னால் யோரிஸ் நிற்கிறான், அம்மா" என்றார். "என் பெயருக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது."